பார்க் எக்ஸ்டென்ஷன் மாணவரும் இயங்குதளமும்

பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர் தம் கணினிக்குரிய இயங்குதளத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் வழக்கம் மாண்ட்ரியலில் 1990-களில்தான் வேர்பிடித்தது. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் இயங்குதளம் பல்கலைக்கழகத்தின் சொத்தாக இருந்தது. மாணவருக்குக் கிடைத்தது ஒரு பயனர் கணக்கும், முனையத்தின் முன் ஓர் இருக்கையும் மட்டுமே. நகரின் வடபகுதியிலுள்ள பார்க் எக்ஸ்டென்ஷனில் இந்த மாற்றம் தனிச் சிக்கல்களோடு வந்தது. அங்கே பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சு எழுதினார்கள். கல்லூரியில் பலர் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். வீட்டில் தமிழோ கிரேக்கமோ வங்காளமோ பஞ்சாபியோ இருந்தது. வீட்டுக்கு ஒரு கணினி வாங்குவதே பெரிய செலவு. அந்த ஒன்றுதான் எல்லா மொழிகளையும் எல்லார் வேலையையும் தாங்க வேண்டியிருந்தது.

பார்க் எக்ஸ்டென்ஷன் சுமார் 1.6 சதுர கிலோமீட்டர் பரப்பில் அடங்கிவிடும் பேட்டை. தெற்கிலும் கிழக்கிலும் ரயில் பாதைகள், வடக்கில் மெட்ரோபொலிட்டன் விரைவுச்சாலை, மேற்கில் அக்காடி பெருவீதி. அந்த வீதியை ஒட்டி, வசதியானவர்கள் வாழும் மவுண்ட் ராயல் நகரம் 1960-இல் எழுப்பிய வேலி இன்றும் பேசுபொருள். 1960-களிலும் 70-களிலும் கிரேக்கர்கள் இங்கே நிறைந்தனர். 1983-ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர் வரத் தொடங்கினர். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 150-க்கும் மேற்பட்ட தமிழரில் பலர் மாண்ட்ரியலையும் டொரண்டோவையும் நோக்கியே வந்தனர். பின்னர் வங்காளதேசத்தினரும் பஞ்சாபியரும் பாகிஸ்தானியரும் சேர்ந்தனர். மெட்ரோவின் நீலத் தடத்தில் பார்க் நிலையம் 1987-இலும் அக்காடி நிலையம் 1988-இலும் திறந்தபோது, மாண்ட்ரியல் பல்கலைக்கழகம் அக்காடியிலிருந்து மூன்றே நிறுத்தத் தொலைவுக்கு வந்துவிட்டது. பெற்றோர் தையல் ஆலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் உழைத்த காலத்தில், பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

கியூபெக்கின் கல்வி அமைப்பையும் இங்கே சொல்ல வேண்டும். 1977-இல் நிறைவேறிய 101-ஆம் சட்டம், குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. 11-ஆம் வகுப்புக்குப் பின் அவர்கள் நேரே பல்கலைக்கழகம் போவதில்லை. செஜெப் எனப்படும் கல்லூரியில் இரண்டு ஆண்டு படிக்க வேண்டும். அங்கே மொழியைத் தேர்ந்துகொள்ள வழி இருந்தது. அதனால் பிரெஞ்சில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் டாசன், வானியே போன்ற ஆங்கிலக் கல்லூரிகள் வழியாக கான்கார்டியாவுக்கும் மெக்கிலுக்கும் போயினர். 2022-இல் வந்த 96-ஆம் சட்டம் ஆங்கில செஜெப்களின் இடங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. ஆக, சொந்தக் கணினி என்ற பேச்சு பெரும்பாலும் 17 வயதில், செஜெப் வாசலிலேயே தொடங்கிவிடும். பல்கலைக்கழகத்துக்கு அதே கணினிதான் போகும்.

அந்தப் பல்கலைக்கழகங்களின் கணினி வரலாறு நீண்டது. மெக்கில் தன் ஐபிஎம் பெருங்கணினிக்கெனத் தனி இயங்குதளத்தையே எழுதியது. மியூசிக் என்று பெயர் பெற்ற அது 1970-களில் உருவாகி, பல முனையங்களில் பல மாணவர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வழி செய்தது. அதற்கு முன் நிரலைத் துளையட்டைகளில் குத்திக் கொடுத்து, விடைக்குக் காத்திருக்க வேண்டும். வேறு பல கல்லூரிகளும் மியூசிக்கை எடுத்துக்கொண்டன. 1985 முதல் ஐபிஎம் நிறுவனமே அதைத் தன் தயாரிப்பாக விற்றது. மாண்ட்ரியலில் பிறந்து உலகச் சந்தைக்குப் போன இயங்குதளம் ஒன்று உண்டென்பது இன்று அந்நகரிலேயே பலருக்குத் தெரியாது. மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறித் துறை 1966-இலேயே தொடங்கிவிட்டது.

கணினி என்பது பல்கலைக்கழகத்தின் கையில் மட்டும் இருந்த பொருள் என்பதற்கு 1969 பிப்ரவரிச் சம்பவத்தைவிடக் கூர்மையான சான்று கிடையாது. கான்கார்டியாவின் முன்னோடிகளில் ஒன்றான சர் ஜார்ஜ் வில்லியம்ஸ் பல்கலைக்கழகத்தில், மேற்கிந்தியத் தீவு மாணவர் சிலர் தங்களுக்கு நிறபேதத்தோடு மதிப்பெண் இடப்படுவதாகப் புகார் செய்தனர். அது முறையாக விசாரிக்கப்படவில்லை என்று கொதித்த மாணவர்கள் ஹால் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியிலிருந்த கணினி மையத்தைக் கைப்பற்றினர். இரண்டு வாரம் நீடித்த முற்றுகை, 11 பிப்ரவரி அன்று போலீஸ் நுழைவிலும் தீயிலும் முடிந்தது. துளையட்டைகள் சன்னல் வழியாகத் தெருவில் கொட்டின. சேதம் சுமார் 20 லட்சம் டாலர். 97 பேர் கைதாயினர். நிர்வாகத்தை அசைக்க எந்த அறையைப் பிடிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குத் தெரிந்திருந்தது. கான்கார்டியா 2022-இல் இதற்கு மன்னிப்புக் கேட்டது.

1980-களில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்கள் யூனிக்ஸுக்கு மாறின. மெக்கிலில் படித்த, பார்படோஸ் நாட்டைச் சேர்ந்த ஆலன் எம்டேஜ், இணையத்தின் முதல் தேடுகருவி எனக் கருதப்படும் ஆர்ச்சியை 1990-இல் அந்தச் சூழலிலேயே வெளியிட்டார். இதே ஆண்டுகளில் வீட்டுக் கணினி வேறொரு பாதையில் போனது: 1981-இல் எம்எஸ்-டாஸ், 1984-இல் மெக்கின்டோஷ், 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95. வீட்டிலிருந்தது விண்டோஸ், ஆய்வுக்கூடத்திலிருந்தது யூனிக்ஸ் என்ற இந்தப் பிளவு கணினி படிக்கச் சென்ற மாணவரின் முதல் அதிர்ச்சியாகப் பல காலம் நீடித்தது. மெக்கிலில் இன்றும் காம்ப் 206 என்ற அறிமுகப் பாடம் யூனிக்ஸ் கட்டளைவரியைக் கற்பிக்கிறது.

கியூபெக் அரசுக்கு இந்தத் தேர்வில் மொழி சார்ந்த அக்கறை இருந்தது. 1997-இல் பிரெஞ்சு மொழிச் சாசனத்தில் சேர்க்கப்பட்ட 52.1-ஆம் பிரிவு, இயங்குதளம் என்ற பெயரையே சொல்லி, பிரெஞ்சுப் பதிப்பு இருக்கும் எந்த மென்பொருளும் பிரெஞ்சிலும் கிடைக்க வேண்டும் என்று விதித்தது. இயங்குதளம் ஒரு மொழிச் சட்டத்தின் வாசகத்துக்குள் வந்தது அபூர்வம். 1992-இல் வந்த கனடிய விசைப்பலகைத் தரநிலை, பிரெஞ்சின் எல்லா உயிர்க்குறிகளுக்கும் இடம் கொடுத்தது. ஆனால் நிரலெழுதத் தேவையான நெளிவு அடைப்புக்குறிகளையும் சதுர அடைப்புக்குறிகளையும் வலப்பக்க ஆல்ட் விசையோடு 7 முதல் 0 வரையான எண்விசைகளுக்குத் தள்ளியது. கட்டுரை எழுதுபவருக்கு வசதி, நிரல் எழுதுபவருக்கு விரல்வலி. இரண்டு விசைப்பலகை அமைப்புகளை வைத்துக்கொண்டு மாறி மாறி எழுதுவது இதனால் மாண்ட்ரியல் மாணவருக்குப் பழகிய காரியம்.

தமிழ் வீடுகளில் மூன்றாவது அமைப்பு ஒன்றும் வேண்டியிருந்தது. தமிழில் கணினி எழுத்து கனடாவுக்குப் புதிதல்ல. முன்னோடித் தமிழ்ச் சொற்செயலிகளில் ஒன்றான ஆதமியை 1980-களில் உருவாக்கிய முனைவர் கே. சீனிவாசன் கனடாவில் வாழ்ந்தவர். ஆனால் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரிடையே கோலோச்சியது பாமினி எழுத்துரு. தட்டச்சுப் பொறி பழகிய கைகளுக்கு அதன் விசை அமைப்பு உடனே பிடிபட்டது. கோவில் அழைப்பிதழ், மரண அறிவித்தல், கடைப் பலகை, தமிழ்ப் பள்ளி வினாத்தாள், ஊர்ச் சங்க மலர் எல்லாமே பாமினியில் அடிக்கப்பட்டன.

பாமினி வேலை செய்த விதம் எளிது. கணினிக்குத் தமிழ் தெரியாது. ரோமன் எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துரு அது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ரோமன் எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். முதல் 128 இடங்கள் எல்லாக் கணினிகளுக்கும் பொது. அதற்கு மேற்பட்ட இடங்களை விண்டோஸ் ஒரு வகையாகவும் பழைய மெக்கின்டோஷ் வேறு வகையாகவும் அடுக்கியிருந்தன. மேலிடங்களில் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள் விண்டோஸிலிருந்து மெக்குக்குப் போகும்போது சிதைந்தன. இன்னொரு தொல்லையும் இருந்தது: பிரெஞ்சின் உயிர்க்குறி எழுத்துகளும் அதே மேலிடங்களில்தான் குடியிருந்தன. ஒரே பக்கத்தில் பிரெஞ்சும் தமிழும் கலந்த ஓர் அறிவிப்பை அடிக்க ஒவ்வொரு வரியிலும் எழுத்துருவை மாற்ற வேண்டும். ஒரு தடவை மறந்தால் பிரெஞ்சுச் சொல்லின் நடுவே தமிழ் வடிவம் முளைக்கும்.

சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துருவும், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் மெக் பயனரையும் கருதின. ஆனாலும் ஊரில் புழங்கிய கோப்புகள் பாமினியில் இருந்தவரை, அவற்றைத் திறக்க முடிந்த கணினியே வீட்டுக்கு வேண்டியிருந்தது. தமிழ்க் குடும்பங்கள் விண்டோஸை விட்டு நகராததற்கு விலைதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். விலைக்கு நிகராக எழுத்துருவும் ஒரு காரணம் என்றே கொள்ள வேண்டும். பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு வாங்கிய கணினியில்தான் மாலையில் தந்தை சங்க அறிவித்தலை அடிப்பார்.

இந்தக் கட்டை அவிழ்த்தது யூனிகோட். 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இயங்குதளங்கள் அதை ஏற்கத்தான் தாமதித்தன. விண்டோஸ் 95-உம் 98-உம் தமிழ் யூனிகோடைக் கையாளவில்லை. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு தமிழைச் சேர்த்தது. 2001-இல் வந்த எக்ஸ்பியில் தமிழ் இருந்தும், அது சரியாகத் தெரிய, மொழி அமைப்புக்குள் போய்ச் சிக்கல் எழுத்து முறைகளுக்கான பெட்டியில் குறியிட்டு, நிறுவல் குறுந்தகட்டையும் உள்ளே செருக வேண்டும். குறுந்தகடு இல்லாமல் கணினி வாங்கியவர்கள் அங்கேயே நின்றுபோயினர். ஆப்பிள் 2005-இல் டைகர் பதிப்பில் இணைமதி எழுத்துருவோடு தமிழைக் கொண்டுவந்தது. லினக்ஸில் கேடிஇ, குநோம் பணிச்சூழல்களை 2000-ஐ ஒட்டித் தன்னார்வலர்கள் தமிழாக்கத் தொடங்கினர். எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவசக் கருவிகள் விண்டோஸில் தமிழ் 99 விசைப்பலகை அமைப்போடு பழைய பாமினி அமைப்பையும் யூனிகோடில் எழுத வைத்தன. கைப்பழக்கம் மாறாமல் குறிமுறை மட்டும் மாறியது. 2010-ஐ நெருங்கும்போது, தமிழ் எழுதுவதற்காக ஓர் இயங்குதளத்தில் தங்க வேண்டிய கட்டாயம் பெருமளவு தீர்ந்துவிட்டது. பழைய பாமினிக் கோப்புகள் மட்டும் வட்டுகளில் கிடந்தன.

பணத்தின் பக்கம் வேறு கதை. 2000-இல் கியூபெக் அரசு குறைந்த வருமானக் குடும்பங்கள் கணினி வாங்கவும் இணைய இணைப்புப் பெறவும் உதவித்தொகை தந்தது. கூட்டாட்சி அரசின் பள்ளிகளுக்கான கணினிகள் திட்டம் 1993-இல் தொடங்கி, அலுவலகங்கள் கழித்த கணினிகளைச் செப்பனிட்டு அனுப்பியது; கியூபெக்கில் அதன் கிளை 1997-இல் அமைந்தது. ரோஸ்மான்ட் பகுதியில் 1998-இல் தொடங்கிய இன்செர்டெக், வேலையற்ற இளைஞரைப் பயிற்றுவித்தபடியே பழைய கணினிகளைப் புதுப்பித்து விற்றது. இந்த வழிகளில் வந்தவை பெரும்பாலும் அலுவலகக் கணினிகள். அலுவலகங்களில் இருந்தது விண்டோஸ். புதிய மெக்கின் விலையோ அந்தக் குடும்பங்களின் சில மாத வாடகைக்குச் சமம்.

திறமூலத்துக்கு மாண்ட்ரியலில் வலுவான குரல் இருந்தது. 1999-இல் நிறுவப்பட்ட சவ்வார்-ஃபேர் லினக்ஸ், கியூபெக் ஓய்வூதிய நிறுவனம் 7 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள மைக்ரோசாஃப்ட் மென்பொருளை ஏலம் கோராமல் வாங்கியதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2010-இல் மேல்நிலை நீதிமன்றம் அந்தக் கொள்முதல் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அரசு அலுவலகங்களை அசைத்த இந்தத் தீர்ப்பு வீடுகளை அசைக்கவில்லை. தமிழ்நாட்டில் நடந்ததும் இதற்கு நெருக்கமானதே. அங்கே 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம், விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் ஒரே கணினியில் ஏற்றிக் கொடுத்தது. மாணவர் விண்டோஸைத் திறப்பதே வழக்கமானது. இயங்குதளம் இலவசம் என்பதால் மட்டும் எவரும் அதற்கு மாறுவதில்லை. அக்கம்பக்கத்தில் அதைத் தெரிந்த ஒருவர் வேண்டும், பாடநூலில் அதன் படம் வேண்டும்.

2000-களின் பிற்பகுதியிலிருந்து தேர்வை முடிவு செய்தது படிக்கும் துறை. இயந்திரப் பொறியியலுக்கு வேண்டிய சாலிட்வொர்க்ஸ், கட்டடக் கலையில் ரெவிட், புவியியலில் ஆர்க்ஜிஐஎஸ் புரோ ஆகியவை விண்டோஸில் மட்டுமே இயங்கின. இன்டெல் சில்லுள்ள மெக்குகளில் பூட்கேம்ப் வழியாக விண்டோஸையும் ஏற்றலாம் என்பதால் அந்தச் சங்கடத்துக்குக் கொஞ்ச காலம் தீர்வு இருந்தது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சில்லுக்கு மாறியதும் அந்த வழி அடைபட்டது. ஐபோன் செயலி எழுத விரும்பியவருக்கு மெக் தவிர வேறு வழியில்லை. கணினி அறிவியல் மாணவருக்கு லினக்ஸ் தேவைப்பட்டது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் துணையமைப்பை அறிவித்தபின் அந்தத் தேவையையும் விண்டோஸ் கணினியிலேயே தீர்த்துக்கொள்ள முடிந்தது. வணிகம், சமூகவியல், இலக்கியம் படிப்பவருக்கு எந்த இயங்குதளமும் போதும். இந்த ஒரு வரிக்காகக் கடைகளில் கழிந்த மாலைகள் எத்தனையோ.

இதற்கிடையே பல்கலைக்கழகமே பார்க் எக்ஸ்டென்ஷனின் விளிம்புக்கு வந்துசேர்ந்தது. மாண்ட்ரியல் பல்கலைக்கழகம் 2006-இல் வாங்கிய பழைய அவுட்ரெமான்ட் ரயில் கொட்டடி நிலத்தில் மில் வளாகத்தின் அறிவியல் கட்டடங்கள் 2019 செப்டம்பரில் திறந்தன. தண்டவாளங்களுக்கு மேல் அமைந்த நடைபாலம் வளாகத்தை அக்காடி மெட்ரோவோடு இணைத்தது. அதே ஆண்டு, ரயில் பாதைக்கு அப்பால் சென்-உர்பேன் தெருவில் யோசுவா பெஞ்சியோ நிறுவிய மிலா செயற்கை நுண்ணறிவு நிறுவனம் புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அவருடைய ஆய்வுக்குழு 2007-இல் தொடங்கிய தியானோ, ஆழ்கற்றலுக்கான முதல் மென்பொருள்களில் ஒன்று; அது வளர்ந்த சூழல் லினக்ஸ். கியூபெக் ஆராய்ச்சியாளர் பயன்படுத்திவந்த பெலுகா, நார்வால் மீக்கணினிகளும் லினக்ஸில் இயங்கியவை; 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகள் அத்தனையும் அப்படியே. வாடகை ஏற்றத்தையும் குடியிருப்போர் வெளியேற்றத்தையும் முன்னிறுத்தி வளாகத்துக்கு எதிராகப் பேட்டையில் போராட்டங்கள் நடந்தன, அவை நியாயமானவை. ஆயினும் லினக்ஸ் கட்டளைவரி தெரிந்திருப்பது வேலைக்கு உதவும் என்ற செய்தி தெருவைத் தாண்டிய தொலைவிலிருந்தே வரத் தொடங்கியது இந்தக் கட்டடங்களால்தான்.

2020-இல் பெருந்தொற்று வந்து பார்க் எக்ஸ்டென்ஷனைக் கடுமையாகத் தாக்கியபோது, நெரிசலான வீடுகளிலிருந்து வகுப்பும் தேர்வும் நடத்த வேண்டி வந்தது. ஒரு கணினியை நான்கு பேர் பகிர்ந்த வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தேர்வு என்றால் ஒருவருக்கு இடமில்லை. தேர்வு நேரத்தில் கணினியைப் பூட்டும் ரெஸ்பாண்டஸ் லாக்டவுன் போன்ற உலாவிகள் விண்டோஸிலும் மெக்கிலும் ஓடின, லினக்ஸில் ஓடவில்லை. இத்தகைய மென்பொருளைக் கட்டாயமாக்கிய பாடங்களில் லினக்ஸ் மட்டும் வைத்திருந்த மாணவருக்கு வேறு கணினியைத் தேடும் நிலை. இப்போதும் இதுதான் லினக்ஸைத் தேர்ந்தவர் முதலில் கேட்டறிய வேண்டிய விவரம்.

அண்மைய திருப்பம் பழைய கணினிகளைத் தொட்டது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும், இன்டெலாக இருந்தால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. 2017-க்கு முன் செய்யப்பட்ட, நன்றாக ஓடக்கூடிய ஏராளமான கணினிகள் இதனால் அதிகாரபூர்வத் தகுதியை இழந்தன. அவற்றுக்கு ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தாலும் அது 2026 அக்டோபரோடு முடிகிறது. வாங்கும் விலையில் முந்திநின்ற இரண்டாம் கை விண்டோஸ் கணினி, முதன்முறையாக ஆயுளில் பின்தங்கியிருக்கிறது.

இந்த நிலையில் பார்க் எக்ஸ்டென்ஷனில் பழைய கணினியோடு பல்கலைக்கழகம் போகிறவருக்கு இரண்டே வழிகள் உண்டு. படிக்கும் துறையும் தேர்வு மென்பொருளும் இடம் கொடுத்தால் லினக்ஸ் மின்ட் போன்றதை ஏற்றி அதே கணினியில் தொடரலாம். பிரெஞ்சு விசைப்பலகையும் தமிழ் 99-உம் அதில் உடனேயே கிடைக்கும். துறை விண்டோஸ் கேட்டால், எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன செயலியா என்று பார்த்துப் புதுப்பித்த கணினி வாங்க வேண்டும். வாங்கும் முன் துறையின் மென்பொருள் பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள். பெரும்பாலான துறைகளில் அது ஒரு பக்கத்துக்கு மேல் இராது.